சேலை கிழியவில்லை

மச்சாள்,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாக உங்கள் சேலையைத் துவைத்தேன். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டவில்லை, முற்றம் கூட்டவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனேன். அவிழ்த்ததும் பூச்சி உருண்டை மணம் அடித்தது. அதற்கும் கீழே துரு மணம். வெள்ளைக் கரை போட்ட உங்கள் நீல நூல் சேலை. அதற்குள் சுருட்டி வைத்திருந்த இரும்புக் கொக்கியை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, சேலையை உதறி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஐந்து வருடத்துக்கு முன்பு நாம் இருவரும் பார்த்ததைப் போலவே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தேன். கிழிசல் இல்லை. இழை விலகல்கூட இல்லை. கொக்கி இருந்த இடத்தில் மட்டும் ஒரு துருக்கறை. சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய் தேய்த்தேன், திரும்பவும் சவர்க்காரம் போட்டேன். மங்கியதே தவிரப் போகவில்லை.

உங்கள் மகள் கேட்டாள். அதனால்தான் துவைத்தேன்.

வதனிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, மச்சாள். பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். நாளை மறுநாள் முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. அன்றைக்குத்தான் கூரை வளையில் சேலையைக் கட்டி, பிள்ளையை முதன்முதலாக ஏணையில் போடப்போகிறோம். தாயோ தாயின் தாயோ உடுத்து நைந்த சேலையில்தான் முதல் ஏணை கட்ட வேண்டும் என்பது உங்கள் பக்கத்து வழக்கம். நேற்றுப் பின்னேரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் என் முகத்தைப் பாராமலே கேட்டாள்.

"மாமி, அம்மாட சேலை உங்களிட்டத்தானே இரிக்கி?"

"எந்தச் சேலை?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. தம்பிய ஏணையில போட்ட சேலை."

"வேற நல்ல சேலை எத்தினையோ கிடக்கு புள்ள. என்ட பழைய கைத்தறி ஒண்டு பஞ்சு மாதிரி இரிக்கி. அதத் தாறன்."

"எனக்கு அதுதான் வேணும். அந்தச் சேலை என்ன பிழை செஞ்சது மாமி?"

அச்சொட்டாக உங்கள் குரல். நீங்கள் ஒருவரை மடக்கிய பிறகு இன்னும் கொஞ்சம் நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்களே, அந்தப் பார்வைகூட அப்படியே. நான் தோற்றுப்போய்க் குசினிக்குள் போய்விட்டேன்.

நமக்கிடையே பெரிய அன்பு இருந்தது என்று எழுதினால் நீங்கள் இருக்கிற இடத்திலிருந்தே சிரிப்பீர்கள். அண்ணன் உங்களைக் கலியாணம் முடித்து, வாகரைப் பக்கக் கரையில் இருந்த உங்கள் வீட்டுக்குக் குடிபோனபோது, என் ஒரே அண்ணனை ஒரு மீன்வாடிக்குப் பறிகொடுத்ததாக நான் நினைத்தேன். கலியாணத்துக்கு அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தவள், மீன் வெட்டிய கையால் நீங்கள் நீட்டிய செம்பை இரண்டு விரலால் வாங்கினேன். "பயப்படாதீங்க டீச்சர் மச்சாள், கையில ஒட்டின நாத்தம் இங்கிலீசில ஒட்டாது" என்றீர்கள். வீடு நிறையச் சனம் சிரித்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் நாம் தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் மட்டும் பேசிக்கொண்டோம். நம்மை உறவாக்கியது கோபம். ஒரே காரியத்துக்காக இரண்டு பேருக்கும் வந்த கோபம்.

கடல் வந்த காலையில் நீங்கள் வீட்டில் இல்லை. காவலுக்குப் போயிருந்த உங்கள் தகப்பனுக்குச் சோறு கொண்டு வயல்வட்டைக்குப் போயிருந்தீர்கள், ஆறேழு மாத வயிற்றோடு. வதனி விடுமுறைக்கு வந்து வாழைச்சேனையில் என்னோடு நின்றாள். அண்ணன் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். அவரைக் கொண்டுபோனது கடல். கடலோடு எனக்கு வழக்கு இல்லை.

மூன்றாம் மாதம் தம்பி பிறந்தான். பெயர் ஒன்று வைத்தோம், ஆனால் வதனி கூப்பிட்டதைப் பார்த்து எல்லோருக்கும் அவன் தம்பிதான் ஆனான். அப்போது நீங்கள் அகதி முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தீர்கள். அந்தக் கொட்டில்களுக்கு வளை கிடையாது. மெல்லிய இரும்புக் குழாய்கள்மேல் தகரத்தைப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி குழாயில் ஏணை கட்ட, குழாய் வளைந்து ஒரு வரிசைக் கூரையே சரிந்தது. மறுநாள் அதிகாரிகள் வந்து, கூரையில் எதையும் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை எதில் போடுவது என்று சொல்லவில்லை. பாயில் போட்டால் எறும்பு, தகரத்துக்குக் கீழே நெருப்பு வெக்கை.

அப்போதுதான் அந்த லொறி வந்தது. நாலு கால் வைத்த இரும்புச் சட்டம், மேலே ஒரு நீள ஸ்பிரிங், அதன் நுனியில் கொக்கி, கொக்கியில் தொங்கவிட ஒரு ரோசா நிற நைலோன் வலைப்பை. கைக்குழந்தை வைத்திருந்த ஒவ்வொரு தாய்க்கும் ஒன்று. கொழும்பில் இருந்த ஒரு கம்பனி அன்பளிப்பாகக் கொடுத்ததாம். தாய்மாரை வரிசையில் நிறுத்தி, பின்னால் பதாகையைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பிறகு ஒரு அலுவலகச் சுவரில் தொங்கியதைக் கண்டேன். நீங்கள் கமராவைப் பார்க்காமல் தொட்டிலின் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பி தும்முகிறான்.

அந்த வலைப்பையில் ஒரு தாய்கூட இரண்டாம் நாள் பிள்ளையைப் போடவில்லை. வெக்கையில் நைலோன் பிள்ளைகளின் முதுகில் ஒட்டி, வலையின் கண் கண்ணாகச் சிவந்து தடித்தது. "புள்ளைய வலையில பிடிச்ச மாதிரிக் கிடக்கு, இனி ஐசில போட்டுக் கொழும்புக்கு அனுப்பவேண்டியதுதான்" என்றீர்கள். ரோசா நிறப் பைகள் எல்லாம் வெங்காயம் தொங்கவிடவும் கருவாட்டுக்கும் போயின. கொக்கியில் எல்லோரும் தங்கள் சேலையைக் கட்டினார்கள். வேறு எதைக் கட்டுவார்கள்? இந்தக் கரையில் பிள்ளை படுப்பது சேலையில்தான். அந்தக் கம்பனியில் யாராவது ஒருவர் தன் தாயிடம் கேட்டிருந்தாலே அது தெரிந்திருக்கும்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. நீங்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். ஒரே ஒரு தரம்தான் சொன்னீர்கள், அது போதுமாக இருந்தது.

"ஆட்டவுமில்ல மச்சாள். நித்திரையாப் போயிட்டான். சும்மா ஏணையில கை வெச்சிக்கிட்டு இருந்தன். சத்தம் ஒண்டும் வரல்ல. கை வெறுமையாப் போச்சி."

கீழே சீமெந்துத் தரை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நான் வந்து சேர்ந்தபோது உங்கள் மடியில் பிள்ளை இருந்தது, உங்கள் கைக்குள் கொக்கி இருந்தது. மடங்கியிருக்க வேண்டிய இரும்பு, விரல் நீட்டியது போல நேராகக் கிடந்தது. சேலையின் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. மடங்கிய விரலை நீட்ட எனக்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவுகூட அந்த இரும்புக்கு வேண்டியிருக்கவில்லை. ஐந்து மாதப் பிள்ளையின் நிறை போதுமாக இருந்தது.

செத்த வீட்டுக்கு வந்த சனம் என்ன சொன்னது என்பதை நான் மறக்கமாட்டேன். "தகப்பன் கூப்பிட்டுட்டான்" என்று ஒரு மனிசி சொல்ல, மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆறுதலாம். நீங்கள் அழுவதை நிறுத்தினீர்கள்.

"என்ட புருசன் புள்ளைய கொல்ற ஆளில்லகா. அவர இதுக்குள்ள இழுக்காதீங்க. இந்தா, இதுதான் கொன்டது" என்று கொக்கியை நீட்டினீர்கள். அந்த மனிசி பின்னால் நகர்ந்தாள்.

அந்த வருடம் இந்தக் கரையில் எல்லாச் சாவும் கடலின் கணக்கில்தான் விழுந்தது. அத்தனை பிள்ளைகள் போன இடத்தில் தன் பிள்ளை மட்டும் வேறு விதமாகச் செத்தது என்று ஒரு தாய் சொன்னால் அது பேராசை போலக் கேட்டது. மரண விசாரணைக்கு வந்தவர்கூடத் தாழ்ந்த குரலில், "அம்மா, தொட்டிலிலிருந்து தவறி விழுந்து மரணம் என்று போடுகிறேன், பிரச்சினை இருக்காது" என்றார். யாருக்குப் பிரச்சினை இருக்காது? நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள். "ஆருக்கு ஐயா பிரச்சினை வராது? கொக்கி விட்டது எண்டு எழுதுங்க." அவர் எழுதவில்லை.

அடுத்த வாரம் நீங்கள் கொட்டில் கொட்டிலாகப் போனீர்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். தொட்டில்களைச் சாய்த்து ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்தோம். சிலது நன்றாக இருந்தது. சிலது வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கொட்டிலில், கொக்கி பாதி நிமிர்ந்து நிற்க, அதற்குக் கீழே பிள்ளை நித்திரை கொண்டிருந்தது. தாய்க்காரியிடம் ஒரு வார்த்தை கேளாமல் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, தொட்டிலைக் காலால் உதைத்து வெளியே தள்ளினீர்கள்.

முகாம் தலைவர் ஓடி வந்தார். நல்ல மனிதர். பயந்த மனிதர்.

"தங்கச்சி, சத்தம் போடாத. வீடு குடுக்கப்போறாங்க. தந்தவங்களோட கொழுவினா பேர வெட்டிப்போடுவாங்க. உன்ட பேர மட்டுமில்ல, எல்லாற்ற பேரையும்."

"அண்ணன், அப்ப வீட்டுக்காக எத்தினை புள்ளைய குடுக்கலாம் எண்டு நீங்களே ஒரு கணக்குச் சொல்லுங்க."

அவர் திரும்பித் தன் கொட்டிலுக்குப் போனார். ஆனால் அதற்குப் பிறகு பாதிப் பெண்கள் உங்களைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். மற்றப் பாதி தொட்டில்களைக் கழற்றிப்போட்டுவிட்டு, கூரைக் குழாயில் ஏணை கட்டி, அதற்காக அதிகாரிகளிடம் ஏச்சு வாங்கினார்கள்.

லொறியில் தொட்டில்களைக் கொண்டுவந்து பகிர்ந்த தொண்டு நிறுவனத்தின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு எத்தனை தரம் போனோம் என்று நினைவில்லை. நல்ல குளிரூட்டி, நல்ல கதிரை. ஒவ்வொரு தரமும் அவர்கள் மிகவும் வருந்தினார்கள். வருத்தத்துக்குக் குறைவில்லை, மச்சாள். தாங்கள் செய்யவில்லை, பகிர்ந்தது மட்டும்தான் என்றார்கள். கம்பனி செய்ததாம். கம்பனியோ, இரும்பு வெளிநாட்டிலிருந்து வந்தது, தாங்கள் பூட்டியது மட்டும்தான் என்று கடிதம் போட்டது. பொறுப்பு அந்த ரோசா நிறப் பை மாதிரி, யார் கையில் கொடுத்தாலும் அவர்கள் அதற்கு வேறு உபயோகம் கண்டுபிடித்தார்கள்.

கடைசியில் உங்கள் வாய்க்குப் பயந்துதான் கம்பனியிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். மினுங்கும் சப்பாத்து, தோளில் கறுப்புக் கணினிப் பை. முகாமின் பொதுக் கொட்டிலில் கூட்டம். அவர் ஆங்கிலத்தில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பவளின் வாய் எவ்வளவு கசக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில், தொட்டிலோடு கொடுத்த பையைத்தான் பாவிக்க வேண்டும், சேலை பாவித்தது பிழையான பாவனை, சேலையின் முடிச்சு கொக்கியை ஒரு பக்கமாக இழுத்திருக்கும் என்றார். பெட்டியின் ஒட்டுத்தாளில் அது அச்சிடப்பட்டிருக்கிறதாம். நீங்கள் அந்த ஒட்டுத்தாளைக் கொண்டுவரச் சொன்னீர்கள். யாரோ ஒருத்தி கொண்டுவந்தாள். அந்தக் கூட்டத்தில் அந்த வெளிநாட்டு எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. எனக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

இரண்டாவதாக அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல எனக்குச் சில நிமிடம் எடுத்தது. "என்ன டீச்சர் மச்சாள், இங்கிலீசு தொண்டையில சிக்கிட்டோ?" என்றீர்கள். சிக்கித்தான் இருந்தது. அவர் சொன்னது இதுதான்: நீங்கள் அதை வாங்கவில்லை. பணம் கொடுத்து வாங்கியவர்தான் நுகர்வோர். அன்பளிப்பாகப் பெற்றவருக்கும் கம்பனிக்கும் இடையே எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆகவே சட்டப்படி முறைப்பாடு செய்ய இங்கே ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லையாம். நூறு பேருக்கு மேல் அவருக்கு முன்னால் குந்தியிருந்தார்கள்.

நீங்கள் எழும்பினீர்கள். ஏசப்போகிறீர்கள் என்று நினைத்து நான் உங்கள் சேலையைப் பிடித்தேன். நீங்கள் ஏசவில்லை. மூலையில் நின்ற ஒரு தொட்டிலை நடுவுக்கு இழுத்து வந்தீர்கள். மேசையில் இருந்த அவருடைய கணினிப் பையை எடுத்து, அதன் பிடியைக் கொக்கியில் மாட்டினீர்கள். இரண்டு தரம் மெதுவாக ஆட்டினீர்கள், பிள்ளையை ஆட்டுவது போலவே.

அந்த மனிதர் கதிரை விழ எழும்பிப் பாய்ந்து, பையை இரண்டு கையாலும் அணைத்துக் கழற்றினார்.

யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் மட்டும் மிக அமைதியாகச் சொன்னீர்கள். "சொல்லுங்க மச்சாள், அவருக்கு விளங்கிற மாதிரி. இவ்வளவு நேரமும் அவர் சொன்னது ஒண்டும் எனக்கு விளங்கல்ல. இப்ப அவர் செஞ்சது விளங்கிட்டு."

நான் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய நல்ல ஆங்கிலம் அதுதான்.

போகும்போது அவர், கம்பனியின் அனுதாபமாக ஒரு பால்மா ரின்னும் ஒரு புதிய தொட்டிலும் இறக்கிவிட்டுப் போனார். புதிய தொட்டில், மச்சாள். இறந்த பிள்ளையின் தாய்க்கு.

அதற்குப் பிறகு நாம் எழுதிய முறைப்பாடுகள் எல்லாம் எங்கேயோ ஒரு மேசையில் இருந்தன. பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. ஷெல் விழ விழ, முழுக் கரையும் கால்நடையாக வெளிக்கிட்டது. நிறுவனம் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனது. மேசை போனது. நம்முடைய கோரிக்கை இன்னும் சிறிதாகிப்போனது. முதலில் கடல், பிறகு போர். பெரிய சாவுகளின் நிழலில் சின்னச் சாவுகளைச் செய்பவர்கள் பத்திரமாக ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்பது அந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்டது. ஒரு நாட்டில் பிள்ளைகள் குண்டில் சாகும்போது, கொக்கியில் செத்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவளைப் பைத்தியம் என்பார்கள். உங்களை அப்படிச் சொன்னார்கள். நான் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் சட்டி பானையை விட்டுவிட்டு, இந்தச் சேலையையும் கொக்கியையும் கொண்டுவந்தீர்கள். சோதனைச் சாவடியில் ஒரு பெண் சிப்பாய் சேலையை உதற, கொக்கி விழுந்தது. என்ன இரும்பு இது, எதற்கு என்று அவள் சிங்களத்தில் கேட்டாள். உங்களுக்குச் சிங்களம் வராது. இரண்டு கையையும் சேர்த்து ஆட்டிக் காட்டினீர்கள். பிறகு கையை விரித்தீர்கள். அவள் கொக்கியைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் நான் எதையும் ஏற்றிச் சொல்லமாட்டேன். ஆனாலும் இத்தனை வருடத்தில் அதைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரே உத்தியோகத்தர் அவள்தான்.

போர் முடிந்ததென்று பட்டணத்தில் வெடி கொளுத்திய கிழமை நீங்கள் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு வருத்தத்தோடு கிடந்தீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் வாட்டில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். நீங்கள் மட்டும் கண்ணை மூடியபடி, "இனிச் சாமான் லொறி எல்லாம் வரும், பாருங்க" என்றீர்கள். பிறகு தலையணைக்குக் கீழிருந்து இந்தப் பொட்டலத்தை எடுத்துத் தந்தீர்கள்.

"எறிஞ்சிராதீங்க மச்சாள்."

"எறியமாட்டன்."

"எறியிறதெண்டா ஆருக்காவது எறியுங்க."

அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசியது தண்ணீர் கேட்டது மட்டும்தான்.

நீங்கள் சொன்னபடியே லொறிகள் வந்தன. பாதை திறந்து, கடைகள் நிரம்பி, செங்கலடிச் சந்தியில் இப்போது கிடைக்காத சாமான் இல்லை. போன கிழமை வதனியின் பிள்ளைக்கு ஒரு நுளம்பு வலை வாங்க அங்கே போனேன். கடை வாசலிலேயே நின்றது. நாலு கால், நீள ஸ்பிரிங், கொக்கி. சட்டத்துக்கு இப்போது நீலப் பூச்சு. பை மஞ்சள். கம்பனியின் பெயர் வேறு. முதலில் எனக்குப் பிரமையோ என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கொக்கியைத் தொட்டேன். உங்களுடைய கொக்கியைத்தான் எத்தனையோ தரம் கையில் வைத்திருக்கிறேனே. தடிப்பு, வளைவு, நுனியில் அரம் பட்ட அடையாளம், எல்லாம் அதே.

கடைக்காரர் என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பன். "என்ன டீச்சர், தொட்டில் பாக்கிறீங்க? நல்ல ஓட்டம். இப்ப எல்லாரும் கல்வீடும் சீலிங்கும் அடிச்சிட்டாங்க, ஏணை கட்ட வளை எங்க இரிக்கி? மாசம் மாசம் கொழும்பிலயிருந்து இறக்கிறன்."

"இது விட்டுப்போகாதா?"

"சீச்சீ. கம்பனிச் சாமான் டீச்சர்."

பிறகுதான் காலில் ஒட்டியிருந்த ஒட்டுத்தாளைக் கண்டேன். குனிந்து வாசித்தேன். இந்தத் தடவை மூன்று மொழியிலும் அச்சிட்டிருந்தார்கள், மச்சாள். நல்ல தமிழ். எழுத்துப் பிழைகூட இல்லை. இந்தத் தொட்டிலில் சேலை பாவிக்கக் கூடாது, சேலை பாவிப்பதால் ஏற்படும் விபத்துகளுக்குக் கம்பனி பொறுப்பல்ல.

அந்தச் சாமான்களின் நடுவில் குந்தியபடி அதை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. நீங்கள் சொன்னதையும் நான் பேசியதையும் அவர்கள் கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கேயோ ஒரு அறையில் இருந்து தம்பியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பேசி முடித்து, கொக்கியைத் தடிப்பாக்குவதா, ஒட்டுத்தாளை மாற்றுவதா என்று யோசித்து, ஒட்டுத்தாளை மாற்றியிருக்கிறார்கள். நம் பிள்ளையின் சாவிலிருந்து அவர்கள் படித்த பாடம் அந்த இரண்டு வரிதான். இந்தக் கரையில் எந்தத் தாயும் சேலையைத்தான் கட்டுவாள் என்பது இப்போது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அச்சடித்திருக்கிறார்கள். அடுத்த பிள்ளை விழுமுன்பே அதன் தாய்மேல் குற்றத்தை எழுதி, தொட்டிலின் காலில் ஒட்டி, லொறியில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

கடைக்காரரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடியது. "டீச்சர், நான் வாங்கி விக்கிறவன். நான் நிப்பாட்டினா அடுத்த கடையில எடுப்பாங்க" என்றார். அதுவும் உண்மைதான். முகாம் தலைவரின் முகம் ஞாபகம் வந்தது. நல்ல மனிதர்கள்.

நான் கோபக்காரி இல்லை. அது உங்களுக்குத் தெரியும். ஏசத் தெரியாதவள், கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து யோசிக்கிறவள் என்று நீங்களே பழித்திருக்கிறீர்கள். உங்கள் கோபம் சூடானது, வாயால் வந்து போய்விடும். என்னிடம் நீங்கள் விட்டுப்போனது அந்த மாதிரியானது இல்லை. அது அலுமாரியின் அடித்தட்டில் துருப்பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறதிலெல்லாம் கறையைப் போட்டுக்கொண்டு கிடந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பிக்கும்போதுகூட, அந்த மனிதர் சொன்ன வசனம் நினைவுக்கு வரும். முறைப்பாடு செய்ய இங்கே ஒருவரும் இல்லை.

இப்போது சேலை கொடியில் காய்கிறது. காற்றுக்கு ஊதி, பிள்ளை படுத்திருப்பது போல ஒரு பக்கம் தொங்குகிறது. சற்று முன்பு வதனி வெளியே வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். கறையையும் கண்டாள்.

"போகல்லயா மாமி?"

"போகல்ல புள்ள."

"இரிக்கட்டும். கறை வெளிப்பக்கம் வாற மாதிரிக் கட்டுவம். மறுகா ஆராவது கேட்டா சொல்லலாம்."

இந்த வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. மாப்பிள்ளை வரவில்லை, வளை மட்டும் உறுதியாக நிற்கிறது. இத்தனை வருடத்தில் இதில் ஒரு ஏணையும் கட்டியதில்லை. நாளை மறுநாள் உங்கள் சேலையில் உங்கள் பேத்தி படுப்பாள். பிள்ளையைப் போடுமுன் நான் ஒரு சாக்கு அரிசியைப் போட்டு ஆட்டிப் பார்ப்பேன், என்னைத் தெரியும்தானே. வளையும் விடாது, சேலையும் விடாது.

ஆனால் அதற்கு முன்பு, நாளைக் காலை, நான் செங்கலடிக்குப் போகப்போகிறேன். இதை வதனியிடம் சொல்லவில்லை. பிள்ளைக்காரி, அவளுக்கு இப்போது நித்திரை வேண்டும். பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அந்தத் தொட்டிலை வாங்கப்போகிறேன், மச்சாள். பணம் கொடுத்து, என் பெயரில் பில் எழுதுவித்து, கடை முத்திரை குத்துவித்து. இந்தத் தடவை சேலை இல்லை. அவர்களுடைய கொக்கியில் அவர்களுடைய மஞ்சள் பையை, ஒட்டுத்தாள் சொல்கிறபடியே மாட்டி, ஐந்து மாதப் பிள்ளையின் நிறைக்கு மண்ணைக் கட்டி உள்ளே வைத்து, ஊர்ச் சனத்தையும் ஒரு சட்டத்தரணியையும் முற்றத்தில் இருத்திவிட்டு ஆட்டப்போகிறேன். எத்தனை நாள் எடுத்தாலும் சரி. கொக்கி நிமிரும் நாளில் நான் வாங்கினவள். என்னிடம் பில் இருக்கும். அந்தக் கம்பனி பெயரை எத்தனை தரம் மாற்றினாலும், முறைப்பாடு செய்ய ஒருத்தி இருப்பாள். நீதிமன்றம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. முதல் தரம் நிமிராவிட்டால் இன்னொன்று வாங்குவேன்.

தொட்டில் ஆருக்கு டீச்சர் என்று கடைக்காரர் கேட்பார்.

எனக்கு என்று சொல்வேன்.